முக்கால் சிசி

பேனரில் ‘இழுவைப் பந்தயம்’ என்று போட்டிருக்கிறார்களே, கவனித்தீர்களா தம்பி? யார் எதை இழுக்கிறார்கள்? இரண்டு வண்டி பக்கம் பக்கமாக நிற்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, கால் மைல் நேராக ஓடுகிறது, முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தவர். இதில் இழுவை எங்கே வந்தது? ‘டிராக் ரேஸ்’ என்பதை அப்படியே தமிழில் கவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். ‘நேர்கோட்டு ஓட்டம்’ என்று போடுங்கள் என்று போன வருஷமே எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. இவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் பதில் வராது. வேறொரு விதத்தில் வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

குடைக்குள் வாருங்கள். காற்றாலைக்காரர்கள் இந்த ஊரில் ஒரு மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. உங்கள் நண்பருடைய வண்டி எது, சிவப்பா? இன்னும் நேரம் இருக்கிறது. வரிசையில் சற்றுப் பின்னால் ஒரு வெள்ளைப் பத்மினி நிற்கிறது பாருங்கள், எண்பத்தாறாம் வருஷத்து வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான். தணிகாசலம், முத்திரை ஆய்வாளர், ஓய்வு. முத்திரை என்றதும் பத்திரப் பதிவு என்று நினைத்துவிடாதீர்கள். தராசு, படிக்கல், லிட்டர் குவளை, பெட்ரோல் பங்க், இவையெல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். முப்பத்தோரு வருஷம். என் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு மச்சினன் கடைத் தராசைப் பறிமுதல் செய்தவன் நான். நாலு கிராம் வித்தியாசம். இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷங்களில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வராது.

வண்டிக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பது என் மகள், கார்குழலி. பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவு. நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. ஒரே வீடுதான். ‘அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளும்மா’ என்று அவள் சொல்வது எனக்குக் கேட்கும். ‘போட்டுவிட்டேன் என்று சொல்’ என்று நான் சொல்வது அவளுக்குக் கேட்கும். நடுவில் என் மனைவி செண்பகம் இரண்டு பேருக்கும் ஒரு தடவை சொல்லுவாள். நான் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. உக்கடத்தில் பஸ் ஏறி, உடுமலையில் இறங்கி, மினி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஏன் வந்தேன் என்றால்... இருங்கள், முறையாகச் சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள்தான் இந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நாற்பது பக்கம். “அப்பா, நம்ம வண்டிய இதுல ஓட்டலாமா? நான் ஓட்டறேன். வெள்ளியங்கிரி அண்ணன் என்ஜினைப் பாத்துக்கட்டும். நீங்க பேப்பரைப் பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் விதி படிக்கப் புடிக்குமே” என்றாள். வெள்ளியங்கிரி எங்கள் மெக்கானிக், கணபதி என்கிற பகுதியில் ஷெட். இருபது வருஷப் பழக்கம். பேப்பரைப் பார்த்துக்கொள் என்று சொன்னது அவள். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

இரண்டு நாளில் மூன்று முறை படித்தேன். என்ன விதிப்புத்தகம் அது! வண்டிகளை என்ஜின் கொள்ளளவை வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஆயிரத்து நூறு சிசி வரை ஒரு வகுப்பு. ஆயிரத்து நூற்றொன்றிலிருந்து ஆயிரத்து நானூறு வரை அடுத்தது. அப்படியே மேலே போய், கடைசியில் திறந்த வகுப்பு. அதில் எந்த அளவும் கிடையாது, எதை வேண்டுமானாலும் கொண்டு வரலாம். சரி. இப்போது சொல்லுங்கள், ஆயிரத்து நூற்றுக்கும் ஆயிரத்து நூற்றொன்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு சிசி காலியாகக் கிடக்கிறது தம்பி! யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு! ஆயிரத்து நூறரை சிசி வண்டி ஒன்று வந்தால் எங்கே போகும்? உடனே பதிவுத் தபாலில் எழுதினேன். ‘இவ்விடைவெளியில் அமையும் வாகனம் எந்த வகுப்பையும் சேராது எனக் கொள்ள வேண்டிவரும்; ஆகவே திருத்துக.’ பதில் இல்லை.

பிறகு என்ஜின் விஷயம். ஷெட்டில் மூவரும் உட்கார்ந்தோம். வெள்ளியங்கிரி வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங் சார், ரெண்டே வழிதானுங்க. ஒண்ணு, இந்த என்ஜினையே நல்லபடியா செஞ்சு சின்ன வகுப்புல ஓட்டறது. இல்லீன்னா இதைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, பெரிய என்ஜின் ஒண்ணை உக்கார வெச்சுத் திறந்த வகுப்புல போறது. நடுவால நின்னம்னா ரெண்டுங் கெட்டுப் போயிருமுங்க.”

“பெருசே வெச்சிரலாம்ணா” என்றாள் இவள். கண்ணெல்லாம் விரிந்துவிட்டது.

நான் சொன்னேன், என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி, புதுப் பதிவு, ஏகப்பட்ட படிவம். அது மட்டுமல்ல, திறந்த வகுப்பில் ஜெயித்தால் என்ன நிரூபணம் ஆகிறது? பெரிய என்ஜின் வேகமாகப் போகும் என்று. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஒரு வரம்பை வைத்து, அந்த வரம்புக்குள் முழுவதையும் பயன்படுத்தி ஜெயிப்பதுதான் போட்டி. அரை மணி நேரம் விளக்கினேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்றுதானே அர்த்தம்?

ஆகவே சின்ன வகுப்பு. பத்மினியின் சிலிண்டர் விட்டம் அறுபத்தெட்டு மில்லிமீட்டர். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஆயிரத்து எண்பத்தொன்பது சிசி. ஆனால் எங்கள் வண்டி ஓடிய ஓட்டத்தில் சிலிண்டர் தேய்ந்துபோயிருந்தது. அதைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். கடையில் ரெடிமேடாக இரண்டு அளவுதான் கிடைக்கும். விட்டம் பாயிண்ட் இரண்டு கூடுதல் ஒன்று, பாயிண்ட் நாலு கூடுதல் ஒன்று. மெக்கானிக்குகள் பாஷையில் இருபது, நாற்பது. நாற்பது போட்டால் ஆயிரத்து நூற்றிரண்டு ஆகிவிடும், வகுப்பு தாண்டிவிடும். இருபது போட்டால் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு.

“இருபதே போட்டுக்கலாமுங்க. கடையில ரெடியா இருக்குது” என்றார் வெள்ளியங்கிரி.

“நாலு சிசி வீணாகிறதே” என்றேன்.

“நாலு சிசியில என்னங் சார் வரும்? கொழந்தைக்கு ஒரு பாலாடை மருந்து.”

“நூறு வரை அனுமதி இருக்கும்போது தொண்ணூற்றாறில் நிற்பது அடக்கம் இல்லை வெள்ளியங்கிரி. கவனக்குறைவு.”

“அப்பா, அந்த நேரத்துல கேம் ஷாஃப்ட்டைக் கவனிக்கலாம்ப்பா. அதுலதான் வேகமே இருக்கு” என்றாள் இவள். டிசைன் பிரிவில் இருக்கிறவள், அவளுக்கு ஏதோ ஒரு கருத்து இருக்கத்தான் செய்யும். நான் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையைப் பிடித்து, அறுபத்தெட்டு பாயிண்ட் மூன்று என்று தனியாக பிஸ்டன் கடையச் சொன்னேன். ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாயிண்ட் ஒன்று மூன்று ஒன்பது. பாருங்கள், எவ்வளவு அழகான எண்! வரம்பின் விளிம்பில் நிற்கிறது, தாண்டவில்லை. ஆறு வாரம் ஆயிற்று. கேம் ஷாஃப்ட்டுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது, அது உண்மைதான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சிலிண்டரைக் கடைந்து முடித்த அன்று வெள்ளியங்கிரி கை துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், பிஸ்டன் அறுபத்தெட்டு முப்பது. சிலிண்டரை அதுக்கு மேல அஞ்சு வெச்சிருக்கனுங்க. சூடாச்சுன்னா பிஸ்டன் வீங்கும், கேப் இல்லீன்னா புடிச்சுக்குமுங்க.” அஞ்சு என்றால் பாயிண்ட் பூஜ்யம் ஐந்து மில்லிமீட்டர். தலைமுடி பருமன்கூட இல்லை. “தேவையானதைச் செய்யுங்கள்” என்றேன். சொன்னார், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் கொடுத்தாரா? கொடுக்கவில்லை. படிவத்தில் ‘சிலிண்டர் விட்டம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. லேத் பட்டறைக்காரர் பிஸ்டனோடு கொடுத்த சீட்டில் அறுபத்தெட்டு பாயிண்ட் மூன்று பூஜ்யம் என்று தெளிவாக இருந்தது. அதை எழுதினேன். எழுத்தில் எது இருக்கிறதோ அதைத்தானே எழுத முடியும்?

சிரிக்கிறீர்கள். நீங்கள் என்ன வேலை? பேங்கா? அப்படியானால் சிரிக்கக் கூடாது.

போட்டி இதே ஓடுபாதையில்தான். இந்த ஊர் மில்காரர் ஒருவர் தன் சொந்த விமானத்துக்காகப் போட்டது. விமானம் வரவே இல்லை, பாதை மட்டும் வந்தது. சின்ன வகுப்பில் பதிமூன்று வண்டி. இவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள் தம்பி. பெருந்துறை நல்லசிவம் என்று ஒரு ரைஸ்மில்காரர், பச்சைப் பத்மினி வைத்திருப்பவர், மூன்று வருஷமாக அவர்தான் முதல் பரிசு. கடைசி ஓட்டம் அவரோடு. அவருக்கு இருபது வினாடி முப்பத்தொன்று. இவளுக்கு இருபது வினாடி பதினான்கு. விளக்கு எரிந்ததும் எடுத்தாள் பாருங்கள், அந்த ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை அவள் மாற்றினதே தெரியவில்லை. ஓட்டுகிறவளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கத்தானே செய்யும்.

இறங்கி ஓடி வந்தாள். வெள்ளியங்கிரியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். என்னிடம் வந்து, “பேப்பர் பாத்துக்கிட்டீங்கல்லப்பா, பாதி கப்பு உங்களுக்கு” என்றாள். முதல் பரிசு வாங்கினவர்கள் சென்னையில் இறுதிப் போட்டிக்குப் போக வேண்டும். அதற்கு லீவு போடுவதைப் பற்றி அப்போதே போனில் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டாள்.

நல்லசிவம் டீ டம்ளரோடு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். இவளுக்குக் கை கொடுத்துவிட்டு, “என்ன பாப்பா, உள்ள யானை எதையாச்சும் கட்டி வெச்சிருக்கறயா? நாப்பது பிஸ்டன் போட்டுட்டீங்களாட்ட இருக்குது!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். வெள்ளியங்கிரியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பது பிஸ்டன்! ஆயிரத்து நூற்றிரண்டு என்கிறார்! விளையாட்டாகச் சொன்னாராம். தராசில் விளையாட்டு ஏது?

நேராகப் போய் வண்டி பரிசோதனை அதிகாரியைப் பார்த்தேன். பிலிப் என்று பெயர், அதோ மஞ்சள் தொப்பி போட்டிருக்கிறாரே, அவர்தான். “என் மகள் வண்டியை அளந்து சான்று கொடுங்கள்” என்றேன்.

“யாரும் ஆட்சேபம் எழுப்பலையே சார். கப்பை வாங்கிட்டு போட்டோ எடுத்துக்குங்க.”

“ஆட்சேபம் வந்ததா என்பதல்ல கேள்வி. விதி இருபத்தொன்றின்படி எந்தப் போட்டியாளரும் எந்த வண்டியையும் அளக்கச் சொல்லிக் கோரலாம். ‘எந்த வண்டியையும்’ என்பதில் தன் வண்டியும் அடக்கம்.”

“பதினாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஜெயிச்சவங்க தன் வண்டியையே பிரிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை சார்.”

“இப்போது கேட்கிறீர்கள்.”

வெள்ளியங்கிரி என்னை வண்டிக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “சார், வேண்டாமுங்க. ஹெட்டைக் கழட்டுனா கேஸ்கெட் போயிரும். அதுவுமில்லாம...”

“அதுவுமில்லாமல் என்ன?”

“அந்த கேப்பு, சார்.”

“கேப்புக்கும் கொள்ளளவுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இவள் நிற்கிற பக்கம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? ஒரு மனிதன் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? இவளும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “போலாம்ப்பா. பசிக்குது.” கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதில் என்ன புரிந்துகொள்ள முடியும்? பசிக்கிறது என்றுதான் புரிந்துகொள்ள முடியும்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. சுற்றி அறுபது எழுபது பேர். ஹெட்டைக் கழற்றி, முதல் சிலிண்டருக்குள் அளவுமானியை விட்டார் பிலிப். அறுபத்தெட்டு பாயிண்ட் மூன்று ஐந்து. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் நாலாவதும் அதே. வெள்ளியங்கிரி எவ்வளவு சுத்தமாகக் கடைந்திருக்கிறார் பாருங்கள், நாலும் ஒரே அளவு. அந்த எண்ணைக் கேட்டதும் என் தலைக்குள் கணக்கு ஓடிவிட்டது தம்பி. கொள்ளளவு என்பது பிஸ்டனை வைத்து அல்ல, சிலிண்டரை வைத்து. எனக்குத் தெரியாததா? லிட்டர் குவளையை அளக்கும்போது குவளையை அளந்தேனா, உள்ளே விட்ட எண்ணெயை அளந்தேனா? தெரியும். அந்தச் சீட்டு என்னை ஏமாற்றிவிட்டது.

பிலிப் ஒரு சின்ன கால்குலேட்டரில் தட்டினார். வட்டக் கணக்கில் வருகிற ‘பை’க்கு 22/7 போட்டுத் தட்டினார், நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆயிரத்து நூற்றொன்று பாயிண்ட் ஒன்று ஒன்பது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஒண்ணும் குடி முழுகிப் போகலை. வண்டி அடுத்த வகுப்புல வருது. அங்க மொத்தமே நாலு வண்டிதான் ஓடுச்சு. பாப்பாவோட நேரத்துக்கு அங்க மூணாவது எடம். மேடையில நிக்கலாம்மா” என்றார்.

“மூணாவது ஓகே சார்” என்றாள் இவள், அவர் முடிப்பதற்குள்.

வெள்ளியங்கிரி ஸ்பானரைக் கீழே வைத்தார். நல்லசிவம் கைதட்ட ஆரம்பித்தார். எல்லாம் முடிந்துவிடும்போல் இருந்தது.

நான் சொன்னேன், “பை என்பது 22/7 அல்ல. அது தோராயம்.”

பிலிப், “சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும், “சார்.”

“3.14159 போட்டுப் பாருங்கள். ஆயிரத்து நூறு பாயிண்ட் ஏழு நாலு ஒன்பது.”

போட்டுப் பார்த்தார். வந்தது. வராமல் எங்கே போகும்? ஆயிரத்து நூறுக்கு மேல் முக்கால் சிசி. ஆயிரத்து நூற்றொன்றுக்குக் கீழே கால் சிசி. நான் சொன்னேன் அல்லவா, ஒரு புறம்போக்கு என்று. அதன் நடுவில் என் வண்டி நிற்கிறது.

பிலிப் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் கடிதம்! பதில் போடாதவர்கள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்! “இப்படி வந்தா என்ன பண்றதுன்னு விதியில இல்லை. இதுல இருக்கு. ‘எந்த வகுப்பையும் சேராது எனக் கொள்ள வேண்டிவரும்.’ கீழ உங்க கையெழுத்து. என்ன சார் பண்ணட்டும்?”

வாசகம் சரியாகத்தான் இருந்தது. அதை நான் எப்படி மறுக்க முடியும்?

இவள் பெயரை நேரப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். முதலுமில்லை, மூன்றாவதுமில்லை, ஓடியதாகவே இல்லை. கப்பை நல்லசிவத்திடம் கொடுத்தாள். அவர், “எனக்கு வேண்டாம் பாப்பா, நீயே வெச்சுக்க சாமி” என்று பின்னால் நகர்ந்தார். நான்தான் “விதிப்படி உங்களுடையது, வாங்கிக்கொள்ளுங்கள்” என்றேன். இவள் என்னைப் பார்க்கவே இல்லை. பிரித்த என்ஜினோடு வண்டியை லாரியில் ஏற்றி, முன்னால் வெள்ளியங்கிரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முன் சீட்டில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. நான் பஸ்ஸில் வந்தேன்.

முக்கால் சிசி தம்பி! நாலு சிலிண்டருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு மூன்று சொட்டு, நாலு சொட்டு. பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி வரை சட்டமே கண்ணை மூடிக்கொள்கிறது. இந்த விதிப்புத்தகத்தில் விட்டுக்கொடுப்பு என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி இல்லை. என்ன மனிதர்கள் எழுதினார்கள் அதை? சர்வீஸில் நான் யாருக்காவது விட்டுக்கொடுத்திருக்கிறேனா என்று கேட்பீர்கள். செண்பகமும் கேட்டாள். அது வேறு.

செண்பகம் வேறொன்றும் கேட்டாள். “அவ ஜெயிச்சது உங்களுக்குப் பத்தலீங்களா?”

“நேர்மை என்று ஒன்று இருக்கிறது” என்றேன்.

“அப்ப அந்த மூணாவது எடத்தையாவது வாயை மூடிட்டு விட்டிருக்கலாமில்ல?”

“அது நேர்மை சம்பந்தப்பட்டதல்ல. அது கணக்குப் பிழை.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதினோரு மாதமாக யாருமே எனக்கு இதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. வெள்ளியங்கிரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். லேத் பட்டறைக்காரர் ‘இது பிஸ்டன் அளவு மட்டும்’ என்று போட்டிருக்க வேண்டும். இவர்கள் என் கடிதத்துக்குப் பதில் எழுதி விதியைத் திருத்தியிருக்க வேண்டும். இந்த வருஷம் திருத்தியிருக்கிறார்கள், தெரியுமா? ‘ஆயிரத்து நூறுக்கு மேல், ஆயிரத்து நானூறு வரை.’ என் திருத்தம். நன்றி என்று ஒரு வரி கிடையாது.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டே மாதத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்லாப் படிவத்தையும் முடித்துப் பெரிய என்ஜினைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வண்டி என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டும். செண்பகம்தான் படிவத்தைக் கொண்டுவந்தாள். கொள்ளளவு முழு எண்ணாக இருந்தது. தசமம் என்ன என்று கேட்டு அனுப்பினேன். “திறந்த வகுப்புல தசமம் கேக்க மாட்டாங்களாம்” என்று பதில் வந்தது. அடுத்த அறையிலிருந்து. கையெழுத்துப் போட்டேன்.

பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. வெள்ளியங்கிரி ஷெட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது தடவையும் டீ வாங்கிக் கொடுத்தார். வண்டியின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை மட்டும் எடுக்கவில்லை. “பாப்பா சொல்லாம நான் எடுக்கக் கூடாதுங் சார்” என்றார். என் வண்டி தம்பி! இன்றைக்கு ஓடுகிறாள் என்பதே காலையில் அவள் கிளம்பின பிறகுதான் தெரியும். செண்பகத்திடம் கேட்டேன், என்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா என்று. இல்லை என்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘வர வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால்கூட ஒரு தகவலாக இருந்திருக்கும். அதற்காகத்தான் வந்தேன். சொன்னால் என்ன சொல்லுவாள் என்று...

இருங்கள். முன்னால் நின்றவர்கள் ஓடி முடித்துவிட்டார்கள். இவள் கோட்டுக்கு வந்துவிட்டாள்.

எதிரே யார்? அந்த நீல வெளிநாட்டு வண்டியா? அதோடு இதையா நிறுத்துகிறார்கள்? அது எங்கே, இது எங்கே! இதற்குத்தான் சொன்னேன், அளவே இல்லாத வகுப்பு ஒரு வகுப்பா? இவள் தோற்கப்போகிறாள். இதைச் சொல்ல விதிப்புத்தகம் வேண்டாம்.

பச்சை!

போய்விட்டது நீலம். போய்விட்டது. ஆனால் இவளைப் பாருங்கள், இவளைப் பாருங்கள்... பத்மினி அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை! பின்பக்கம் அப்படியே தரையில் உட்காருகிறதே!

என்ன அறிவிக்கிறார்கள்? காற்றில் கேட்கவில்லை. பதினேழு தொண்ணூற்றிரண்டா? நீல வண்டி பதிமூன்றில் போய்விட்டது. கிட்டத்தட்ட ஐந்து வினாடி. இதைத் தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாது, வேறு போட்டி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதினேழு தொண்ணூற்றிரண்டு! போன வருஷத்தைவிட இரண்டு வினாடிக்கு மேல் குறைவு. இந்த என்ஜினைப் போன வருஷமே வைத்திருந்தால்...

போன வருஷமே கேட்டாள். ஆமாம். ‘பெருசே வெச்சிரலாம்ணா’ என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதோ திரும்பி வருகிறாள் ஓரப்பாதையில். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள். சிரிக்கிறாள் பாருங்கள். தோற்றுவிட்டு ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வெள்ளியங்கிரி என்னவோ கத்திக்கொண்டு எதிரே ஓடுகிறார். அவருக்கும் சிரிப்பு.

ஐயோ, புகை. புகை இல்லை, ஆவி. ரேடியேட்டர். நின்றுவிட்டது வண்டி, சரியாக நமக்கு நேரே. இறங்கிவிட்டாள். ஒரு கையில் ஸ்டீயரிங், தோளைக் கதவில் கொடுத்துத் தள்ளுகிறாள். வெள்ளியங்கிரி பின்னால் தள்ளுகிறார். நகரவில்லை. அந்த இடம் மேடு. பெரிய என்ஜின் அல்லவா, எடை கூடுதல். அடுத்த ஜோடி கோட்டில் காத்திருக்கிறது. ‘ஓரப்பாதையைக் காலி செய்யவும்’ என்று மைக்கில் கத்துகிறார்கள். கத்தினால் நகருமா? இரண்டு பேர் போதாது, மூன்றாவது ஆள் வேண்டும்.

இந்தப் பக்கம் பார்க்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

என்ன சொல்கிறாள்? உங்களுக்குக் கேட்டதா? “அப்பா, அங்க நின்னு என்ன பண்றீங்க? வந்து தள்ளுங்க!” என்றுதானே சொன்னாள்? செண்பகம் இல்லை நடுவில். நேராக என்னிடம்.

கைப்பட்டை கட்டாதவர்கள் இந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது. வண்டிக்கு இரண்டு பட்டைதான், ஓட்டுகிறவருக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று. விதி பதினொன்று, தடித்த எழுத்தில் இருக்கிறது. மீறினால் வண்டியின் நேரத்தை ரத்து செய்யலாம். ‘செய்யலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘செய்ய வேண்டும்’ என்று இல்லை, ஆனாலும்...

மறுபடியும் கூப்பிடுகிறாள்.

தெரியும் தம்பி, எனக்கே தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம். கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள்.